பன்னிரண்டாவது செவ்வாய்

“செவ்வாய். பதினோராவது அமர்வு. கடைசித் தட்டை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். தேவகி தானே தட்டினாள், ஒரு முறை.” இசை டீச்சர் நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் எழுதிய இந்தக் குறிப்பு, அக்கா தேவகியின் மாற்றுத்திறனாளி அட்டைக்காகப் பழைய காகிதங்களைத் தேடியபோது சென்ற மாதம் கிடைத்தது. கிழமை இருக்கிறது, தேதி இல்லை. குறிப்பில் உள்ளது தவறு. தட்டியவள் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதிமூன்று. ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. “அவ ஒரு மாதிரி” என்பதோடு பேச்சு நின்றுவிடும். செவ்வாய்தோறும் அம்மா எங்கள் இருவரையும் விழுப்புரத்தில் பஸ் ஏற்றித் திண்டிவனத்தில் ஒரு மாடி அறைக்கு அழைத்துப்போவார். நாங்கள் “பாட்டு கிளாஸ்” என்றதை டீச்சர் இசைச் சிகிச்சை என்பார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நேரத்தில் அம்மா வயலை விட்டுப் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. “மோளம் தட்டறதுக்குத் திண்டிவனம் போவணுமா? பன்னெண்டு வாரம் பாரு. ஒண்ணும் ஆவலன்னா அவளுக்கு மெட்ராஸ் ஆஸ்டல்தான்.”

டீச்சர் ஆர்மோனியத்தில் சிறு மெட்டு ஒன்றை வாசித்து, முடியும் இடத்தில் ஒரு தட்டை மட்டும் விட்டுவிடுவார். மடியில் இருக்கும் டோலக்கில் அக்காவே அதை நிரப்ப வேண்டும். யாராவது தன் முகத்தைப் பார்த்தால் அக்கா எழுந்துவிடுவாள் என்பதால் டீச்சர் ஆர்மோனியக் கட்டைகளையே பார்த்தபடி காதால் மட்டும் கவனிப்பார். அக்கா சாய்ந்துகொள்ள அவள் முதுகுக்குப் பின்னால் நான். அம்மா வெளியே பெஞ்சில். “எவ்ளோ நேரமானாலும் யாரும் எடுத்துக் கொடுக்காதீங்க” என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். பத்து வாரமும் அந்த இடம் காலியாகவே போனது. பதினோராவது வாரம் அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல், அக்காவின் கைக்கு அடியில் கையை நீட்டித் தட்டிவிட்டேன். டீச்சர் நிமிராமலே, “சபாஷ் தேவகி” என்று சொல்லிப் பேனாவை எடுத்தார்.

விக்கிரவாண்டி தாண்டியதும் அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

“இத அப்பாகிட்ட சொல்லிக்கினு திரியாத. அடுத்த வாரம் நீ ஸ்கூலுக்குப் போ.”

“அக்கா யார் மேலம்மா சாய்வா?”

“நான் இல்ல?”

அடுத்த செவ்வாய் மாலை, செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா, “தானாவே தட்டுனா, மூணு வாட்டி” என்றார்.

“டீச்சர் சொன்னாங்களா?” என்றார் அப்பா.

“நான் கண்ணால பார்த்தேங்க.”

அப்பா, “அப்ப போய்க்கினு வாங்க” என்றார். ஆஸ்டல் பேச்சு அதன்பின் எழவில்லை. டீச்சர் ஊர் மாறும்வரை அம்மாவும் அக்காவும் போனார்கள். நான் மறுபடி போகவில்லை.

அந்த மாடியில் இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள். டீச்சர் எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கிடைத்த குறிப்புகள் பதினோராவது அமர்வோடு முடிகின்றன. அதற்கு அடுத்த வாரம் தட்டியது அக்காதானா என்று போன வாரம் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். அக்காவின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

“அவ இங்கதான இருக்கா? அப்புறம் இன்னாடி உனக்கு?”

பன்னிரண்டாவது அமர்வில் டோலக்கைத் தட்டியது யாருடைய கை என்பதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.