நாடி பார்க்கத் தெரியாத டாக்டர் குவிம்பி

ஆர்லோ குவிம்பி லாஸ் ஏஞ்சல்ஸ் டிராமில் நடத்துநராக இருந்தவர். 1915இல் ஒரு நாள், வண்டியில் ஏறிய சினிமா இயக்குநர் ஒருவர் டிக்கெட்டை மறந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, தொங்கிய கன்னம், எதற்கும் அசராத கண்கள். வயது முப்பத்தெட்டுதான், பார்த்தால் அறுபது.

"நாளைக்கு ஸ்டுடியோவுக்கு வாங்க. எனக்கு ஒரு டாக்டர் வேணும்."

அன்றிலிருந்து டாக்டர் வேடம்தான். பையோடு உள்ளே வருவார், நாடி பிடிப்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். பேசும்படம் வந்தபோது பெரிய பெரிய நாயகர்களெல்லாம் கீச்சுக்குரலால் வீட்டுக்குப் போனார்கள். குவிம்பிக்கோ அடிவயிற்றிலிருந்து எழும் கனத்த குரல். வாய்ப்பு இரட்டிப்பானது.

1931இல் மொஹாவி பாலைவனத்தில் ஒரு கௌபாய் படம். கூட்டத்தில் நடிக்க வந்த நெட்டி என்ற பெண் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நிறைமாதம், வேலை போய்விடுமென்று தொளதொள கவுனுக்குள் மறைத்திருக்கிறாள். ஊர் நாற்பது மைல் தள்ளி. எல்லாருடைய கண்ணும் கறுப்புக் கோட்டில் நின்ற குவிம்பிமேல் விழுந்தது.

"டாக்டரே, ஓடி வாங்க!" என்று கத்தினார் ஒளிப்பதிவாளர்.

"யோவ், நான் டிராம்ல டிக்கெட் கிழிச்சவன்யா!"

"பையில ஏதாவது இருக்குமே?"

"ரெண்டு சாண்ட்விச் இருக்கு."

உடைகளைக் கவனித்துக்கொள்ளும் டெல்ஃபின், நாலு பிள்ளை பெற்ற விதவை, சட்டைக் கையை மடித்துவிட்டாள். "நீங்க தலைமாட்டுல உக்காந்து பேச்சுக் குடுங்க. உங்க குரலாவது உதவட்டும். இந்தப் பக்கம் எட்டிப் பாத்தீங்க, தொலைச்சிடுவேன்!"

படப்பிடிப்புக்காக நின்ற கூண்டு வண்டிக்குள் நெட்டியைப் படுக்கவைத்தார்கள். குவிம்பி தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சொந்தமாக எதுவும் பேச வரவில்லை. பழைய வசனங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "பயப்படாதேம்மா, குண்டு எலும்புல படல. பொழைச்சுக்குவே."

வலியிலும் நெட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் அப்படியே ஓட்டினார். பெண் குழந்தை வீறிட்டது. குவிம்பி மயங்கிச் சாய்ந்தார்.

டெல்ஃபின் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "பதினாறு வருஷ டாக்டர்! ரத்தத்தைப் பாத்ததே இல்லையா?"

"எங்க சினிமா ரத்தமெல்லாம் சாக்லேட் பாகும்மா."

அடுத்த மாதம், ஒரே வாரத்தில் மூன்று முறை பட்டன் தைக்க அவளிடம் போனார்.

"நீங்களே பிச்சுக்கிட்டு வர்றீங்களா?"

"ஆமா."

வசந்தத்தில் திருமணம்.

முழங்கால் மக்கர் செய்ததால் 1947இல் நடிப்பை விட்டார். இருநூற்று எண்பது படம். அவர் பெயர் திரையில் வந்தது ஒன்பதில். ஆனால் மளிகைக் கடைக்குப் போனால் யாராவது நிஜ டாக்டரிடம் காட்டுவதுபோல நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். அவரும் கண்ணாடியை இறக்கிவிட்டு, நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொல்வார்:

"நல்ல டாக்டரா பாருங்க."

அந்தக் கனத்த குரலைக் கேட்டவர்கள் பாதி குணமானது போலத் திரும்பிப் போவார்கள்.