மாலிப் பெட்டி வந்துபோகும் அலமாரி

எங்கள் வீட்டு ஹாலில் டி.வி. இருக்க வேண்டிய சுவரில் என் அலமாரி நிற்கிறது. அதைக் கடல் கடலாகப் பிரித்து வைத்திருக்கிறேன். மேல்தட்டு அட்லாண்டிக்: கானாவின் மரச்சீப்பு, போர்ச்சுக்கல்லின் மண் சேவல். நடுத்தட்டு பசிபிக். கீழ்த்தட்டு நம்ம கடல்: ஜாவாவின் தோல்பாவை, இலங்கையிலிருந்து வந்த பல் துருத்திய முகமூடி, ஓமான் வெள்ளிச் சிமிழ். உஸ்பெகிஸ்தானில் யாரோ மாதுளம்பழம் மாதிரி வட்டம் வட்டமாகப் பட்டுநூலில் தைத்த துணி ஒன்றும் உண்டு. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாது என்பதால் அதை மடித்து ஓரமாக வைத்திருந்தேன்.

தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் எனக்கு வேலை. கப்பலில் வருகிறவர்களிடம் கேட்பேன், பழைய சாமான் கடைகளைக் கிளறுவேன், மிச்சத்துக்கு ஆன்லைன். முகமூடி வந்த மறுநாள் அதன் முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அம்மாவைக் கேட்டால், தான் வைக்கவே இல்லை என்று சாதித்தாள்.

இத்தனை இருந்தும் மாலத்தீவிலிருந்து ஒன்றுமில்லை. இங்கிருந்து மாலிக்குத் தோணியே போய்வருகிறது! முகமூடிக்கும் சிமிழுக்கும் நடுவில் அதற்கென்று இடம் விட்டு வைத்திருந்தேன்.

அந்த இடத்துக்கான பொருளை ஒரு பெருநாள் விருந்தில் பார்த்தேன். காயல்பட்டினத்தில், என் கல்லூரித் தோழி வீட்டில், அவள் கட்டில் தலைமாட்டில். இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கிற அளவுக்கு வட்டமான மரப்பெட்டி, கூம்பு மூடி. சிவப்பு அரக்கின் மேல் கறுப்புப் பட்டை, அதில் கீறி எடுத்த மஞ்சள் கொடி. திறந்தால் உள்ளே போன் சார்ஜரும் ரப்பர் பேண்டும்!

“இது எங்கன கிடைச்சுது?”

“மாலிக்கு வியாபாரத்துக்குப் போன எங்க முன்னோர் கொண்டாந்தது. வீட்டோட சேத்து எனக்குக் கொடுத்தாங்க.” அவர்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான்.

“எனக்குத் தாயேன்.”

“ஏளா, வீட்டையும் எழுதித் தரட்டுமா?”

அடுத்த தடவை ஜாவா பாவையைப் பொதிந்து எடுத்துக்கொண்டு போனேன், மாற்றிக்கொள்ளலாம் என்று. தோழி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணு மூக்கு வச்ச எதையும் உம்மா சுவத்துல மாட்ட விடமாட்டாங்க. பீரோக்குள்ள வச்சா மூச்சு முட்டிச் செத்துரும், பாவம்.”

எனக்கு எரிச்சல். வெயில், ஈரம், பழைய அரக்கு எப்படி வெடிக்கும் என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். “ரப்பர் பேண்டு போட்டு வைக்கிற பொருளா இது?”

“சரி, நீ என்ன போட்டு வைப்ப?”

“ஒண்ணும் போட மாட்டேன்.”

“அப்பறம் எதுக்குளா ஒனக்குப் பெட்டி?”

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் நல்ல பதிலாக ஒன்றைத் தேடினேன்.

பிறகு ஒருநாள் ஆபீஸ் விட்டு வந்தால், சாப்பாட்டு மேஜையில் அதே பெட்டி. தோழியின் தம்பி தூத்துக்குடிக்கு வந்தவன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். உள்ளே ரவையும் முட்டையும் நெய்யுமாய்த் தம்மடை. அம்மா ஏற்கெனவே பாதியைக் காலி செய்திருந்தாள். தோழிக்குப் போனைப் போட்டேன்.

“எனக்கா?”

“தம்மடைதான் ஒனக்கு. பெட்டி என்னுது.”

மிச்சத் தம்மடையை அவசர அவசரமாகத் தின்றோம். பெட்டியைத் துடைத்து, விட்டு வைத்த இடத்தில் வைத்தேன். அளவெடுத்தது போல உட்கார்ந்தது. படம் எடுத்துச் சேகரிப்பாளர்கள் குழுவில் போட்டேன். “உங்களுடையதா?” என்று ஒருவர் கேட்டார். ‘ஆமாம்’ என்று அடித்தேன், அழித்தேன், போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலையாளா?” என்றாள் அம்மா. “வெறும் பாத்திரமாக் கொடுத்துராத, என்ன.”

அது எனக்கு வசதியாகப் போயிற்று. எதை வைத்துக் கொடுப்பது? மக்ரூனா? அவர்களுக்குக் கிடைக்காத மக்ரூனா? இப்படியே யோசித்து யோசித்துப் பெட்டி என் அலமாரியில் தங்கியது. தோழி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது மூடியைத் திறந்தேன். இன்னும் நெய் வாசம். பக்கத்தில் உஸ்பெக் துணி. கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை! இன்னும் இரண்டு மடிப்பு மடித்து உள்ளே வைத்தேன், சரியாக அடங்கியது.

காயல்பட்டினம் போகும் வழியில் ஆத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோழியின் உம்மாவுக்கு ஒரு கட்டு வெற்றிலை வாங்கினேன். பட்டில் ஈரம் படாமலிருக்க வெற்றிலைக்கு இரண்டு பாலித்தீன் பை சுற்றி, துணிக்கு மேலே வைத்து மூடினேன்.

தோழி துணியை உதறி விரித்ததும் அறையே சிவந்தது. உம்மா வெற்றிலையை மடியில் போட்டுக்கொண்டு, “ஜன்னலுக்கு எதுத்த சுவரு சும்மாத்தான் கிடக்கு” என்றார். அன்று சாயங்காலமே துபாயிலிருந்து வீடியோ காலில் வந்த தோழியின் கணவர், பின்னால் தெரிவது எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார்.

“துணி என்னுது” என்றேன் நான் முந்திக்கொண்டு.

“தெரியும்ளா. வெயில் படாமப் பாத்துக்கிடுதேன். சொற்பொழிவை ஆரம்பிச்சிராத.”

அதிலிருந்து பெட்டி போகிறது, வருகிறது. துணிக்குப் பதிலாக ஓமான் சிமிழும் ஒரு நடை போய்வந்தது. அந்தக் குழுக்காரருக்குக் கடைசியில் எழுதினேன்: “இப்போது ஊருக்குப் போயிருக்கிறது.”

பெட்டி இல்லாத நாட்களில் அந்த இடத்தில் அம்மா தன் மூக்குக்கண்ணாடியை வைக்கிறாள். முன்பென்றால் சண்டை போட்டிருப்பேன். இந்த முறை பெட்டியில் தேங்காய்ப்பால் வட்டிலப்பம் வருவதாகத் தகவல். காலையிலேயே அம்மா கண்ணாடியை எடுத்துவிட்டாள்.