தேய்த்தும் அழாத பிள்ளை

1. தேங்காய் நார்

செல்லாயி தன் சின்ன மகனின் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். தேமல் இருந்த இடத்தில் தோலே இல்லை.

"ஏனுங்க நர்சம்மா, நீங்க சொன்னாப்லயே தேங்கா நாரு போட்டுத் தேச்சனுங்க. போவ மாட்டேங்குது. ஆனாப் பாருங்க, சாமி ஒரு சத்தம் போடலீங்க. தங்கமாட்டம் நின்னான்."

நான் நர்ஸ் இல்லை. தொழுநோய்ப் பிரிவில் களப்பணியாளர். கொல்லிமலை ஊர்களில் வீடு வீடாகப் போய், தோலில் வெளிறிய தேமல் இருக்கிறதா, அதில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்தப் பையன் தங்கமாட்டம் நின்றது, அங்கே அவனுக்கு வலியே தெரியாததால்.

அதற்கு முந்தைய முறை, மாத்திரை அட்டையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது செல்லாயி கேட்டாள். "ரெண்டு பசங்களும் ஒரே சட்டிச் சோறு, ஒரே பாயிங்க. பெரியவனை உட்டுப்போட்டு இவனுக்கு மட்டும் ஏனுங்க வந்துச்சு?"

சேந்தமங்கலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அழுக்குல திரிஞ்சிருப்பான். நல்லாத் தேச்சுக் குளிப்பாட்டு" என்றேன். எந்தப் பயிற்சியிலும் அப்படிச் சொல்லித் தரவில்லை. பதில் தெரியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

புண்ணுக்குக் கட்டுப் போட்டேன். "இனிமே தேய்க்காதே" என்றேன். சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லவில்லை.

2. பஞ்சுத் திரி

அதே ஆண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு என் மகளுக்குச் சேலை கட்டிவிடும்போது அவள் முதுகில் ஒரு வெளிறிய வட்டத்தைப் பார்த்தேன். பையிலிருந்து பஞ்சை எடுத்துத் திரித்தேன்.

"கண்ணை மூடிக்கோ கண்ணு. தொட்டதும் சொல்லு."

நல்ல தோலில் தொட்டேன். "ம்." இன்னொரு இடம். "ம்." வட்டத்துக்குள் தொட்டேன். மறுபடி தொட்டேன்.

"என்னம்மா, முடிஞ்சுதா? நேரமாகுது."

தினமும் இருவேளை குளிக்கிற பிள்ளைக்கு எப்படி வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்த உடனே செல்லாயி முகம் வந்தது. யாருக்கும் தெரியாமல் வேறு ஊரில் காட்டலாமா என்றும் யோசித்தேன். நோயை மறைக்காதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்கிறவள் நான்.

கடைசியில் எங்கள் மருத்துவரிடமே கூட்டிப்போனேன். "என் மூத்த பையனுக்கு ஒண்ணும் இல்லையே டாக்டர், இவளுக்கு மட்டும் ஏன்?" கேட்டு முடித்த பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

"இந்தக் கிருமி தன்னை விழுங்கின செல்லுக்குள்ளயே குடியிருக்கும்மா. வந்தது கிருமின்னு கண்டுபிடிக்க ஒவ்வொரு செல்லுலயும் உணரிகள் இருக்கு. பிறவியிலயே அதோட அமைப்பு ஆளுக்கு ஆள் லேசா மாறும். பெரும்பாலானவங்க உடம்பு கண்டுபிடிச்சுக் கொன்னுடும். சிலருக்குத் தப்பிடும். ஒரே வயித்துப் பிள்ளைங்களுக்குள்ளயும் அப்படி ஆகலாம். நெருக்கம், சாப்பாடு எல்லாமும் சேரும். இதுதான்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாது."

"அழுக்கு?"

"அழுக்குக்கு வர்றதா இருந்தா நாங்க ஹாஸ்டல்ல இருந்தப்பவே எல்லாருக்கும் வந்திருக்கணுமே" என்று சிரித்தார். மகளும் சிரித்தாள். என்னால் முடியவில்லை.

அடுத்த முறை மலைக்குப் போனபோது செல்லாயி வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மருத்துவர் சொன்னதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "அழுக்குன்னு நான் சொன்னது தப்பு. உன் மேலயும் தப்பில்லை, பையன் மேலயும் இல்லை. என் மகளுக்கும் வந்திருக்கு."

திட்டுவாள் என்றுதான் நின்றேன். அவள் பதறி எழுந்தாள்.

"அய்யோ, பாப்பாவை நாரு போட்டுத் தேச்சுப்புட்டீங்களா?"

"இல்லை."

"நல்லவேளைங்க" என்று மறுபடி மிளகைக் கிளற உட்கார்ந்தாள்.

மகள் மாத்திரை சாப்பிடுகிறாள், குணமாகிவிடும். ஆனாலும் தலை பின்னிவிடும்போது என் கை அந்த இடத்தைத் தேடிப் போகிறது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏன் வந்தது என்று ஒரு தாய் கேட்டால் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். பஸ் போனால் போகட்டும்.