சாட்சிக்கு ஒரு முகவரி

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிள்ளான் கோர்ட் வாசலிலிருந்து நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னும் தள்ளிப் போங்கண்ணே!"

தள்ளிப் போனேன்.

"அங்கயும் வேணாம். அதோ அந்த மரத்துக்கிட்ட போய் உட்காருங்க. யார்கிட்டயும் பேசாதீங்க!"

என்னைத் துரத்தியவர் போலீஸ் இல்லை. கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் வழக்கறிஞர். அதிலும் எங்கள் பக்கத்து வழக்கறிஞர்!

பல இடங்களிலிருந்து என்னைத் துரத்தியிருக்கிறார்கள். கையுறைத் தொழிற்சாலை, கட்டுமானத் தளம், ஒரு கல்யாண மண்டபம்… ஒவ்வொன்றுக்கும் காரணம் எனக்குத் தெரியும். ஆனால், 'நீங்க ரொம்ப முக்கியம்' என்று சொல்லித் துரத்தியது இதுதான் முதல் தடவை.

ஏன்? அதைச் சொல்லக் காலையிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் எங்கும் நிலைப்பவன் இல்லை. கடைசியாகப் பண்டமாரானில் லோரி கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சரக்கு ஏற்றி, இறக்கி, லோரி பின்னால் வரும்போது 'வரலாம், வரலாம்' என்று கத்துகிற வேலை. வழக்கத்துக்கு மாறாக ஒரு வருடத்துக்கு மேல் தாங்கிவிட்டது. முந்தின நாள் அதையும் விட்டுவிட்டேன். சித்தியவான் பக்கம் இறால் பண்ணையில் ஆள் எடுக்கிறார்களாம். அன்று மாலை பஸ் ஏறுவதாகத் திட்டம். இறாலைத் தட்டில் பார்த்திருக்கிறேன், வளர்த்துப் பார்த்ததில்லை. போக அது போதாதா?

போவதற்கு முன் குணா அண்ணனோடு கடைசியாக ஒரு தடவை கோர்ட்டுக்கு வந்தேன். அவர்தான் என் டிரைவர். அபாயகரமாக லோரி ஓட்டி ஒரு மோட்டார்சைக்கிளைத் தட்டிவிட்டார் என்று அவர் மேல் வழக்கு. மோட்டார்காரருக்குக் கால் முறிந்தது. தேறி வேலைக்குத் திரும்பிவிட்டார். வழக்குதான் தேறவில்லை. தீர்ப்பு எதிராக வந்தால் லைசென்ஸ் போகலாம். லோரியைக் கழித்துவிட்டால் குணா அண்ணனிடம் மிஞ்சுவது சர்க்கரை வியாதி மட்டும்தான்.

ஒவ்வொரு தேதிக்கும் துணைக்கு நானும் வருவேன். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு புது வழக்கறிஞர் வருவார். அடுத்த தேதி வாங்குவார். போய்விடுவார்.

"பொண்ணு பார்க்க வர்ற மாதிரி வராங்கடா. பார்க்கிறாங்க, போயிடுறாங்க. சரின்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க, வேணாம்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்பார் குணா அண்ணன்.

அன்று வந்தவர் துர்கா. வராந்தாவில் அரை ஓட்டமாக வந்து, "குணசேகரன் யாரு? குணசேகரன் இருக்காரா?" என்று கூப்பிட்டார். கையில் ஒரு ஃபைல். முகத்தில் வியர்வை. வீடு கம்போங் மேடான், ஆபீஸ் பிரிக்பீல்ட்ஸ். கார் நிறுத்த இடம் கிடைக்காமல் எங்கோ விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"அங்கிள், இன்னைக்கு உங்க கேஸ் விசாரணைக்குப் போட்டிருக்கு. பாஸ் ஹைகோர்ட்ல மாட்டிக்கிட்டாரு. நான் அவருக்குப் பதிலா நின்னு தேதி மட்டும் வாங்கிடுறேன், சரியா?"

"என் கேஸ் தெரியுமாம்மா?"

துர்கா ஃபைலைப் பார்த்தார். குணா அண்ணனைப் பார்த்தார்.

"தெரியாது அங்கிள். காலையிலதான் கையில கொடுத்தாங்க."

பொய் சொல்லவில்லை! எனக்கு ஆர்வம் தொற்றிக்கொண்டது. வழக்கைக் கூப்பிட நேரம் ஆகும்போல இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டேன். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பரீட்சை எழுதி மேலே போனவர்களைக் கண்டால், மலை ஏறி வந்தவர்களிடம் மேலே என்ன இருந்தது என்று கேட்கிற மாதிரி கேட்பேன்.

"வக்கீலாக எழுதுற சி.எல்.பி. பரீட்சை ரொம்பக் கஷ்டமா மிஸ்?"

"ஒரு பேப்பர் போச்சு. மறுபடி எழுதினேன். பாஸானப்ப அம்மா தெருவுக்கே கேசரி கொடுத்தாங்க."

"அப்புறம்?"

"சேம்பரிங். ஒரு சீனியர்கிட்ட ஒன்பது மாசம் வேலை கத்துக்கணும். ஃபைல் தூக்கினேன், போட்டோஸ்டேட் எடுத்தேன், திட்டு வாங்கினேன்… அதெல்லாம் முடிஞ்சாதான் ஹைகோர்ட்ல ரோப் போட்டு, ஜட்ஜ் முன்னாடி நிக்க வெச்சு, வக்கீலா ஏத்துக்குவாங்க. என்னைப் பத்தி ஒரு சீனியர் பேசினாரு. அப்பா அம்மாவை எழுந்து நிக்கச் சொன்னாங்க. அப்பா உட்காரவே மறந்துட்டாரு."

"அந்த ரோப் எங்கே?"

"அலமாரியில. இந்த மாதிரி கீழ்க்கோர்ட்டுக்குக் கோட்டு போதும். படம் எடுத்ததோட சரி."

இப்போது என்ன செய்கிறார்? காலையில் ஷா ஆலம், பத்து மணிக்குக் கிள்ளான், மதியம் பெட்டாலிங் ஜெயா. முதல் நாள் இரவே வழக்கறிஞர்களின் வாட்சாப் குழுக்களில் கேள்வி ஓடும் — 'நாளைக்கு கிள்ளான்ல யாரு இருக்கா?' இருப்பவர் கையைத் தூக்குவார். இன்று உனக்காக நான் நிற்கிறேன், நாளை எனக்காக நீ நில். யாரும் எல்லா இடத்திலும் இருக்க முடியாதே! நல்ல ஏற்பாடுதான். அந்த நல்ல ஏற்பாட்டில்தான் குணா அண்ணன் ஒரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார்.

"பரீட்சையில எல்லாம் கேட்டாங்கண்ணே. வராந்தாவில உட்கார்ந்திருக்கிற ஆள்கிட்ட 'உங்க கேஸ் எனக்குத் தெரியாது'ன்னு எப்படிச் சொல்றதுன்னு மட்டும் கேக்கல."

"அதான் சொல்லிட்டியேம்மா" என்றார் குணா அண்ணன். "அந்தப் பேப்பர் பாஸ் லா!"

துர்கா சிரித்துவிட்டார். தன்னோடு வக்கீலான தோழிகளில் பாதிப் பேர் இந்த வேலையே வேண்டாம் என்று கம்பெனிகளுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். "உங்களுக்கும் போகணும்னு தோணுதா மிஸ்?" என்று கேட்டேன். "தினம் காலையில. பார்க்கிங் தேடும்போது."

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். நான் பின் வரிசையில் உட்கார்ந்தேன்.

துர்கா எழுந்து மலாயில் மரியாதையாகத் தேதி கேட்டார். மாஜிஸ்திரேட் அம்மையார் பழைய குறிப்புகளைப் புரட்டினார். இதே காரணம் போன தடவையும் சொல்லப்பட்டது, அதற்கு முந்தின தடவையும் சொல்லப்பட்டது என்றார். மோட்டார்காரர் அதோ உட்கார்ந்திருக்கிறார், சுங்கை வே தொழிற்சாலையில் ஒவ்வொரு தடவையும் லீவு போட்டு வருகிறார் என்றார். இனித் தள்ளிவைக்க முடியாது. மதியம் விசாரணை தொடங்கும்.

துர்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு ஒரு வழி இருந்தது. 'நான் இன்னொருவருக்காக வந்தவள், இதற்கு மேல் எனக்கு உத்தரவு இல்லை' என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். சொல்கிறவர்கள் உண்டாம். யாரும் குறை சொல்லப் போவதில்லை. என்ன — மதியம் குணா அண்ணன் தனியாக நின்றிருப்பார்.

"புவான், என் கட்சிக்காரரை இன்று காலைதான் சந்தித்தேன். மதியம் வரை நேரம் கொடுங்கள். நானே நடத்துகிறேன்."

வெளியே வந்ததும் பாஸுக்குப் போன் அடித்தார். கைப்பேசி அணைந்திருந்தது. "திட்டுவாரா மிஸ்?" என்றேன். "கண்டிப்பா" என்றார். ஆனால் நடை வேகமாகிவிட்டது.

கோர்ட்டுக்கு எதிரே ஓர் அக்காவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. மூன்று பேரும் உட்கார்ந்தோம். துர்கா சோற்றைத் தொடவில்லை. இலைக்குப் பக்கத்தில் ஃபைலை விரித்து வைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எந்த வளைவு? மழையா? லோரியில் பாரம் இருந்ததா? குணா அண்ணன் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு வருடத்தில் அவரிடம் யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

"லோரியில வேற யாராவது இருந்தாங்களா அங்கிள்?"

"நானும் இவனும்தான்." அப்பளத்தால் என்னைக் காட்டினார்.

துர்கா தலையைத் தூக்கினார்.

"இவரு உங்க தம்பி இல்லையா?"

"தம்பியா? கெலிண்டான்மா!"

"அண்ணே… நீங்க அன்னைக்கு அந்த லோரிக்குள்ளயா இருந்தீங்க?"

"பக்கத்து சீட்ல. எல்லாத்தையும் பார்த்தேனே."

"ஒரு வருஷமா வந்துட்டுப் போறீங்களே, ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலயே மிஸ்."

உண்மைதான். கேட்கத் தெரியாதவர்கள் இல்லை வந்தவர்கள். எல்லோரும் பரீட்சை பாஸானவர்கள். ஒவ்வொருவரும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் வந்தவர்கள், அவ்வளவுதான். சரி, நானாவது வாயைத் திறந்திருக்கலாமே? எனக்கு எப்படித் தெரியும்? கோர்ட்டில் கேட்டால்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரு வருடம் மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்!

"எழுந்திரிங்க" என்றார் துர்கா.

"சோறு…"

"இலையோட எழுந்திரிங்க. அந்தக் கடைசி மேசைக்குப் போங்க. இனிமே நீங்க ரெண்டு பேரும் இந்தக் கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது."

குழம்பு ஊற்றிய வாழையிலையைத் தூக்கிக்கொண்டு எப்படி நடப்பது? கடைக்கார அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடியில் ஒரு தட்டைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். "என்னய்யா, சண்டையா?" என்றார். "இல்லக்கா, சாட்சி" என்றேன். "சாட்சின்னா ஒதுக்கி வெச்சுடுவாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

துர்கா கடைசி மேசைக்கு வந்து என்னிடம் தனியாகக் கேட்டார். நான் பார்த்ததைச் சொன்னேன். அது என்ன என்று இங்கே எழுத முடியாது. 'விபத்தைப் பத்தி ஒரு வரி கூட எழுதாதீங்க, எங்க பேரையெல்லாம் மாத்திடுங்க' என்பது, நான் பத்தி எழுதுகிறவன் என்று தெரிந்ததும் அவர் போட்ட உத்தரவு. மாற்றிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்லலாம் — நான் சொல்லி முடித்தபோது அவர் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

இப்போது புரிகிறதா, ஏன் துரத்தினார் என்று? சாட்சி சொல்லப் போகிறவன் மற்றவர்கள் சொல்வதைக் கேட்கக் கூடாதாம். காலையில் நான் உள்ளே இருந்தது தேதி கேட்டதற்கு மட்டும், அதனால் பரவாயில்லை. மதியம் கதவுப் பக்கம்கூட நிற்கக் கூடாது. வராந்தாவில் மோட்டார்காரர் இருந்தார், அங்கேயும் கூடாது. அதனால்தான் மரம்.

மரத்தடியில் உட்கார்ந்து கோர்ட் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக உள்ளே உட்கார்ந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நடக்கும்போது என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்! உள்ளே அந்தப் பெண் என்ன கேட்கிறார்? மோட்டார்காரர் என்ன சொல்கிறார்? ஒரு தடவை எழுந்து ஜன்னல் பக்கம் போகலாமா என்று நினைத்தேன். காவலாளி என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் தணிந்த பிறகு வந்தார்கள். குணா அண்ணன் என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார்.

"டேய், இந்தப் பொண்ணு உள்ள…"

"அங்கிள்!"

மூடிக்கொண்டார். ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஒரு வருடமாக நான் பார்க்காத முகம்.

மோட்டார்காரர் சாட்சியம் முடிந்துவிட்டதாம். மிச்சத்தை இன்னும் சில மாதம் கழித்து விசாரிப்பார்களாம். துர்கா பேனாவை எடுத்தார்.

"அண்ணே, உங்க அட்ரஸ் சொல்லுங்க."

பண்டமாரானில் லோரி நிற்கிற இடத்தில் ஸ்டோர் அறையில் படுத்திருந்தேன். அதுவும் முந்தின நாளோடு முடிந்தது. பையைக் காட்டினேன்.

"சித்தியவான் போறேன் மிஸ்."

"சித்தியவான்ல எங்கே?"

"தெரியாது. போனாதான் தெரியும்."

"அங்கிருந்து அடுத்த தேதிக்கு வந்துடுவீங்களா?"

வந்துவிடுவேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் என்னை எனக்குத் தெரியும். சித்தியவான் பக்கத்திலிருந்து பங்கோர் தீவுக்குப் படகு போகிறது. பங்கோரிலிருந்து எங்கே என்று யாருக்குத் தெரியும்? குணா அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. 'இருடா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரோட்டில் போகிற லோரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க வரலைன்னா அங்கிளுக்கு வேற சாட்சி இல்ல" என்றார் துர்கா.

"அடுத்த தேதிக்கு நீங்க வருவீங்களா மிஸ்?" என்று திருப்பிக் கேட்டேன். "இல்ல, உங்களுக்குப் பதிலா வேற யாராவது வந்து, 'குணசேகரன் யாரு'ன்னு கேப்பாங்களா?"

அதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. பாஸ். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். திட்டு எங்களுக்கே கேட்டது. துர்கா எல்லாவற்றுக்கும் 'யெஸ் பாஸ்' என்றார். கடைசியில் மட்டும், "திட்டுங்க பாஸ். ஆனா இந்த ஃபைல் என்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வந்தார்.

"நான் வரேண்ணே. நீங்க?"

நிலையாக நிற்கத் தெரியாத ஒருவனிடம், தினம் காலையில் ஓடிப்போக நினைக்கிற ஒருவர் கேட்கிறார். என்ன சொல்வது? பஸ் போய்விட்டது என்று சொன்னேன். போகவில்லை. இன்னும் நேரம் இருந்தது.

அன்று குணா அண்ணன் வீட்டில் படுத்தேன். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு பேச்சும் வரவில்லை. டிவி பார்த்தோம்.

மறுநாள் காலை வாழையிலைக் கடை அக்கா முன்னால் போய் நின்றேன். இலை எடுக்க, மேசை துடைக்க ஆள் வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருந்ததை முந்தின நாளே கடைசி மேசையிலிருந்து பார்த்திருந்தேன். அக்காவுக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"இலையத் தூக்கிட்டு நடந்தவன்தானே நீ? அனுபவம் இருக்குதான். எத்தனை நாளைக்கு இருப்பே?"

"எதிர்ல இருக்கிற கோர்ட்ல ஒரு கேஸ் இருக்குக்கா. அது முடியிற வரைக்கும்."

அக்கா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த கட்டடத்தை ஒரு பார்வை பார்த்தார். துணியை என் கையில் கொடுத்தார்.

"அப்ப பெர்மனென்ட்னு சொல்லு."