மாடு முதலில் குடிக்கட்டும்

பிரிக்பீல்ட்ஸில் சண்முகரத்தினத்தைப் போல ஒரு பிடிவாதக்காரரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். கால்நடை ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் பார்ப்பது அவர் வேலை. யார் சொன்னாலும் கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார். ஜப்பான்காரன் ஆட்சியில் அந்தக் குணத்தோடு மனிதர் எப்படித்தான் தப்பினாரோ!

1944-இல் பால்காரி பவுனம்மாளின் ஒரே பசுவுக்கு மயிர் கொட்டி, உடம்பெல்லாம் தவிடு தூவியது போலச் செதில் படர்ந்தது. தொற்றுநோய் என்றால் சுட்டுவிட வேண்டும் என்று உத்தரவு.

"அந்த மாட்ட வச்சுதான் எங்க கஞ்சியே ஓடுது. நல்லா பாருங்க ஐயா," என்று அவள் அழுதாள்.

மூன்று தடவை தோலைச் சுரண்டிப் பார்த்தார். சொறிப்பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. வேறொருவர் "தெரியவில்லை" என்று எழுதியிருப்பார், மாடும் போயிருக்கும். இவர் துளித் தோலை வெட்டியெடுத்தார். அதை மெழுகில் பதித்துத்தான் மெல்லிசாகச் சீவ முடியும். ஆய்வகத்தில் மெழுகு தீர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. மனைவி மார்க்கிரட் மாதா படத்துக்கு ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தியைக் கெஞ்சி வாங்கிப்போனார்.

சீவிப் பார்த்தால் கிருமியின் சுவடே இல்லை. மேல்தோல் மட்டும் தடித்து, மயிர்க்கால்களில் செத்த தோல் ஆணி அடித்தது போல அடைத்திருந்தது. ஏன் என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் மத்தியானம், மரவள்ளிக்கிழங்கை எடுத்து வைத்த மார்க்கிரட்டின் முழங்கை கண்ணில் பட்டது. சொரசொரவென்று முளை முளையாக இருந்தது. சட்டென்று கையைப் பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார்.

"என்னப்பா இது, என்னையும் மாட்டையும் ஒண்டாய்ப் பாக்கிறியள்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே தோல்வருத்தம்தான். சாப்பாட்டிலை சத்தில்லை."

ரயில் பாதையோரம் புல் அறுக்க ராணுவம் தடை போட்டதிலிருந்து, பசுவுக்கு வைக்கோலும் காய்ந்த மரவள்ளித் தோலும்தான். "தொற்று அல்ல, தீவனக் குறை, ஒரு மாதம் அவகாசம் வேண்டும்" என்று எழுதினார். ஆறாவிட்டால் மாட்டைச் சுடும் அன்றே அவர் வேலையும் போகும் என்றார் ஜப்பானிய அதிகாரி. சண்முகரத்தினம் கையெழுத்துப் போட்டார்.

கிள்ளான் தோட்டமொன்றிலிருந்து பச்சைப் புல்லில் கிடைக்கும் அதே வைட்டமின் ஏ நிறைந்த, சுத்திகரிக்காத சிவந்த செம்பனை எண்ணெய் வரவழைத்து, தீவனத்தில் கலக்கச் சொன்னார். மார்க்கிரட்டுக்கும் ஒரு கரண்டி நீட்டினார்.

"அந்த நாத்தத்தை மாடு முதல்ல குடிக்கட்டும். மயிர் முளைச்சால் நானும் குடிக்கிறன்."

மாதம் முடிந்தது. செதில் உதிர்ந்த இடமெல்லாம் கறுப்பாகக் குட்டை மயிர் எழுந்திருந்தது. அதிகாரி தடவிப் பார்த்துவிட்டு, மாட்டைச் சுடும் உத்தரவைக் கிழித்துப் போட்டார். பவுனம்மாள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பொழைச்சிட்டோம் லா!" என்றாள்.

சண்முகரத்தினம் வீட்டுக்கு ஓடாத குறையாக வந்தார். மார்க்கிரட் அவர் முகத்தைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்க் கரண்டியை எடுத்துவந்து நீட்டினாள்.

"ஊத்துங்கோ."