காப்பார் படத்தில் மாமா இல்லை

இயற்கைப் படம் என்றால் அதில் ஆள் இருக்கக் கூடாது என்று யார் சட்டம் போட்டார்களோ, எனக்குத் தெரியாது. அந்தச் சட்டத்துக்காக என் அக்காவின் கணவரை ஒரு படத்திலிருந்து அழித்தேன். பிறகு அவரிடமே ஒரு பொய்யும் சொன்னேன். அழித்ததைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் பொய்தான் இன்னும் உறுத்துகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், இரங்கல் அறிவிப்பு, இவைதான் பிழைப்பு. முதலாளி புதிதாக ஒரு கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டிருந்தார். இறந்தவருக்குத் தனிப்படம் இல்லையென்றால், ஏதோ ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து அவரை வெட்டி எடுப்பேன். தோளில் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை நீக்கி, கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுப்பேன். "உயிரோட உக்காந்திருக்கிற மாதிரியே இருக்குப்பா" என்று வீட்டார் கண் கலங்கும்போது எனக்குத் தலைகால் புரியாது. ஆளை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற மிதப்பு அப்படி வந்ததுதான்.

கடை வேலை முடிந்ததும் அதே கம்ப்யூட்டரில் என் சொந்தப் படங்களோடு உட்கார்ந்துவிடுவேன். மரம், மேகம், தண்ணீர் என்று எடுத்து, நெகட்டிவை ஸ்கேன் செய்து, வண்ணத்தை உருவிவிட்டு, வானத்தை இருட்டி, இலை நுனிகளை மட்டும் வெளுக்க வைப்பது எனக்குப் பைத்தியமாக இருந்தது.

அக்கா காப்பார் என்கிற ஊரில் இருந்தாள். மாமா செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கடலோரம் போனார். தண்ணீர் வற்றி, சேற்றுக்கு நடுவில் பாக்காவ் என்கிற அலையாத்தி மரம் ஒன்று வேரெல்லாம் தெரிய ஒற்றையாக நின்றது. பின்னால் மலை மாதிரி மேகம். எல்லாம் சரியாக இருக்க, வேரில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பை சிக்கிக்கொண்டு படபடத்தது. நான் சலித்துக்கொண்டேன்.

"இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? இருலா மச்சான்" என்று சொல்லிவிட்டு மாமா சிலுவாரை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். முட்டி வரை புதையும் சேற்றில் நடந்து போய்ப் பையைப் பிடுங்கி, அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மேகத்தைப் பிளந்து வெளிச்சம் விழுந்தது அப்போதுதான். அழுத்தினேன். அவர் கரையேறுவதற்குள் வெளிச்சம் போய்விட்டது. அரை மணி நேரம் காத்திருந்தும் அது திரும்பவில்லை.

அடுத்த வாரம் மாமா கடைக்கு வந்தபோது அந்தப் படம் திரையில் இருந்தது. குனிந்து பார்த்தவருக்கு முகமெல்லாம் பல். "நானாலா இது? கறுப்பு வெள்ளையில நல்லாத்தான் இருக்கேன்!" என்றார். படத்தை ஒரு புகைப்பட மன்றத்தின் போட்டிக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

போட்டி விதிகளை நிதானமாகப் படித்தது அதற்குப் பிறகுதான். இயற்கைப் பிரிவில் மனிதர் இருக்கக் கூடாது. வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. ஆள் இருக்கிற படமென்றால் வேறு பிரிவுக்கு அனுப்பியிருக்கலாம். அங்கே போட்டி அதிகம் என்று என் பேராசை கணக்குப் போட்டது. பக்கத்திலிருந்த சேற்றைத் துளித்துளியாக எடுத்து மாமாவின் மேல் ஒட்டினேன். முதலில் கால்கள், பிறகு உடம்பு, கடைசியாக அந்தச் சிரிப்பு. கரையிலிருந்து மரம் வரை போன கால்தடங்களையும் விடவில்லை. மூன்று மாலைகளில் வேலை முடிந்தது. மரம் உலகத்தில் தன்னந்தனியாக நிற்பது போல் அவ்வளவு அழகாக வந்திருந்தது. இரண்டாம் பரிசு கிடைத்தது.

கண்காட்சி கோலாலம்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அக்காவிடம் பரிசு கிடைத்ததை மட்டும்தான் சொல்லியிருந்தேன். மாமா லோரிக்கார நண்பர்கள் இருவரோடு, தீபாவளிச் சட்டையில் வந்து இறங்கினார். நம்மவர் வழக்கப்படி பொன்னாடை, மாலை எல்லாம் கையில் இருந்தது. சூட் போட்ட மன்றத்துக்காரர்கள் வேடிக்கை பார்க்க, எனக்குப் பொன்னாடை போர்த்தி மாலையும் போட்டார். அதற்குப் பிறகுதான் நண்பர்களைப் படத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்கடா, உன்னைக் காணோம்?" என்றார் ஒருவர்.

மாமா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் மன்றத்துத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். நான் மாலையைக் கழற்றுவது போல் குனிந்துகொண்டேன்.

"நான் பின்னாடி நின்னேன்லா. கேமராவுக்குப் பின்னாடி. மச்சானுக்கு யாரு குடை பிடிச்சதுங்கிற?" என்று மாமா சிரித்தார். அன்று மழையும் இல்லை, குடையும் இல்லை. நண்பர்கள் அவரைக் கிண்டலடித்துக்கொண்டே நடந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி கடை வாசலில் வந்து நின்றார்.

"பரிசு வாங்கினதெல்லாம் சரி. மொதல்ல எடுத்தோம்ல, நான் இருக்கிறது, அதுல ஒண்ணு போட்டுக் குடுக்கிறியா? வீட்ல மாட்டறதுக்கு."

அந்தப் படம் வீட்டுச் சுவரில் ஏறி, யார் கண்ணிலாவது பட்டு, விஷயம் மன்றத்துக்குப் போனால் பரிசு போகும், மானமும் போகும். "நெகட்டிவ் கெட்டுப்போச்சு மாமா. பூஞ்சை பிடிச்சிருச்சு" என்றேன். நெகட்டிவ் என் மேசை இழுப்பறையில் சுத்தமாக இருந்தது.

"அப்படியா? போவட்டும்லா" என்றார். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் வீட்டுக்குப் போனால் முன்பு போலவே கோழி வாங்கி வருவார், கதை பேசுவார். படம் எடுக்கப் போகலாமா என்று மட்டும் அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வருஷம் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். ஒருநாள் லோரியை ஓரமாக நிறுத்தி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் படத்தை வண்ணத்திலேயே பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டம் அடித்து எடுத்துக்கொண்டு போனேன். கும்பல் கலைந்த பிறகு அக்காவிடம் கொடுத்தேன். அவள் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது கெட்டுப்போச்சுன்னுல்ல மாமாகிட்ட சொன்ன?"

படத்தைச் சுற்றி வந்த தாளை நான் மடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கிட்ட கேக்க வர்றதுக்கு முன்னாடியே ஆணி அடிச்சு வச்சிட்டாருடா. அந்தா, அங்க. திரும்பி வந்து, 'படம் இல்லையாம்லா'ன்னு சொல்லிட்டு, அதுல காலண்டரை மாட்டினாரு."

சுவரில் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு இதை மாட்டட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.