நிற்கிற கல் தேடிய விமலா அக்கா

விமலா அக்கா இறந்த செய்தியைக் கேஷியர் சார் வீட்டு அம்மாதான் எனக்குச் சொன்னார். காலையில் அவர் வாசலில் பால் ஊற்றிக்கொண்டிருந்தேன். "மல்லிகா, சேதி தெரியுமா? கல்லேறுற அம்மா தவறிட்டாங்களாம். வேலூர் ஆஸ்பத்திரில. மஞ்சக்காமாலையாம். நேத்து பேங்குக்கு டிரங்க் கால் வந்துச்சு" என்றார். நான் ஒரு ஆழாக்கு கூடுதலாக ஊற்றிவிட்டேன். மீதி நான்கு வீடுகளுக்கும் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வங்கியில் விமலா அக்காவுடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து சிறிய நினைவு மலர் ஒன்று போடுவதாகவும், அவரைத் தெரிந்தவர்கள் எழுதித் தரலாம் என்றும் அந்த அம்மாதான் சொன்னார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுத்து வரும். உங்களில் பலருக்கு அவரைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவராகத்தான் தெரியும். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து மாற்றலாகி வந்து, அண்ணாமலை அருகே வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியேறினார். தனியாகத்தான் வந்தார். பெட்டிகளோடு ஒரு பெரிய கயிற்றுச் சுருளும் இறங்கியது. கிணற்றுக்கு என்று என் அம்மா நினைத்தாள். பெங்களூரில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து பாறை ஏறப் போவார்களாம். அதற்கான கயிறு அது. பால் வாங்க வந்த இரண்டாம் நாளே அம்மாவிடம், "இந்த மலையில ஏறலாமாங்க?" என்று கேட்டார்.

"தீபத்துக்கு ஏறுவாங்களே. வெறுங்காலோட."

"அது வழியில நடந்து போறது. நான் கேக்கறது பாறையில கயிறு கட்டி ஏறுறது."

"மலையே சாமிம்மா. சாமி இடுப்புல கயிறு கட்டுவியா நீ?" என்றாள் அம்மா.

அக்கா சிரித்துவிட்டார். அதன்பிறகு இங்கிருந்த வரையில் அந்த மலையைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. மற்றவர்களோடு பௌர்ணமிக்குச் சுற்றி மட்டும் வந்தார்.

வேறு பாறை தேட அவர் கண்டுபிடித்த வழியை உங்களில் சிலர் நேரில் பார்த்திருப்பீர்கள். நகைக்கடனுக்கும் பயிர்க்கடனுக்கும் வரும் விவசாயிகளிடம், வேலை முடிந்ததும், "உங்க ஊர்ல நல்ல பாறை இருக்குதுங்களா?" என்று கேட்பார். இல்லை என்று சொல்லும் ஊர் இந்தப் பக்கம் எது? ஒவ்வொருவரும் பெருமையாக அழைத்துப் போனார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் நல்ல பாறை என்றால் கடலை காயவைக்கும் பாறை. எவ்வளவு தட்டையோ அவ்வளவு நல்லது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பெரியவர் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், ஒரு காணி அகலத்துக்குப் படுத்துக்கிடந்த பாறையைக் காட்டி, "உருண்டாக்கூட விழ மாட்டீங்கம்மா, அப்பேர்ப்பட்ட பாறை" என்றாராம். அக்கா அதன் நடுவில் உட்கார்ந்து அவர் கொடுத்த பச்சைக் கடலையைத் தின்றுவிட்டு வந்தார். இப்படி ஐந்து ஊர் ஆயிற்று.

இதை அம்மாவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது.

"நிக்கிற கல்லு ஒண்ணு இருக்குது."

"நிக்கிற கல்லா?"

"ஆமாங்க. படுத்த கல்லு இல்ல."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. "ஏம்மா, இத்தனை நாள் வாயில என்ன வெச்சிருந்த?" என்றார்.

ஏரிக்கு வடக்கே புறம்போக்கில் இருக்கிறது ரெட்டைக்கல். நான் புல் அறுக்கப் போகும் இடம். சின்னக்கல் ஆள் உயரம். பெரியகல் ஐந்து ஆள் உயரம், நடுவில் ஒரு பிளவு. பின்பக்கச் சரிவில் ஆடுகள் ஏறிவிடும். முன்பக்கத்தில் ஓணான்தான் ஏறும். அக்கா முன்பக்கத்தைத் தடவித் தடவி அரை மணி நேரம் அங்கேயே நின்றார்.

அதிலிருந்து ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும் போனோம். பின்பக்கமாகப் போய் உச்சியில் இருந்த கல்லிச்சி மரத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையையும் கீழே விடுவார். ஒரு முனை அவர் இடுப்பில். மறுமுனையை என் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, நான் சின்னக்கல்லில் காலை உதைத்து உட்கார்ந்து பிடித்துக்கொள்வேன். "நான் விழுந்தா நீ அசையக்கூடாது. அவ்வளவுதான் உன் வேலை" என்றார். ஒவ்வொரு அடிக்கு முன்னும் மேலிருந்து, "மல்லிகா?" என்பார். நான் "இருக்கேன்" என்று கத்த வேண்டும். என் குரல் எழும்பாது. "கேக்கல. ஆடு கூட உன்னவிட நல்லாக் கத்துது" என்பார். கேட்கிற வரையில் அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டார். நான் கத்தக் கற்றுக்கொண்டதற்குக் காரணம், அவர் வெயிலில் தொங்கிக்கொண்டிருந்ததுதான்.

மூன்றாம் வாரம் விழுந்தார். கயிறு இழுத்ததில் என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. நான் அசையவில்லை. இறங்கி வந்து என் கையைப் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையைக் கட்டிவிட்டார். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "வீட்ல கேட்டா?" என்றார். "கெணத்துக் கயிறுன்னு சொல்லிடறேன்" என்றேன். அடுத்த வாரம் எனக்கு ஒரு ஜோடித் தோல் கையுறை வாங்கி வந்தார். நீயும் ஏறு என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பெரியகல்லில் சுண்ணாம்பால் எண் போட்டிருந்தது. பக்கத்தில் கல்லைப் பிளக்கும் ஆப்புகளுக்கு வரிசையாகக் குழி அடிக்க அடையாளம். புறம்போக்கில் கல் வெட்ட ஒருவர் குத்தகை எடுத்திருந்தார். அக்கா அவருடைய மேஸ்திரியிடம் போய்க் கேட்டார்.

"இந்த ஒரு கல்ல விட்ருங்களேன்."

"ஒங்களுக்கு எதுக்கும்மா கல்லு? வேற நூறு கெடக்குது, எடுத்துக்குங்க."

"நூறும் படுத்த கல்லுங்க."

மேஸ்திரிக்குப் புரியவில்லை. "நாங்களும் படுக்க வெச்சுத்தாம்மா அறுப்போம்" என்றார். வரும் சனிக்கிழமை வேலை ஆரம்பம் என்றும் சொன்னார்.

அன்று திரும்பி வரும்போது அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "இந்த ஊருக்கு வந்ததுல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்."

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் புல்லுக்குப் போகிறேன் என்று கிளம்பினேன். கூடையில் மஞ்சளும் குங்குமமும் ஒரு பழைய மஞ்சள் துணியும் இருந்தன. சுண்ணாம்பு எண்ணின் மேலேயே மஞ்சளை அப்பினேன். நடுவில் பெரிய பொட்டு வைத்தேன். துணியைப் பிளவில் செருகி, வேப்பிலைக் கொத்து ஒன்று சாத்தினேன். வேலை பத்து நிமிடம்கூட இல்லை. சனிக்கிழமை யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். ஞாயிறு காலையில் எலுமிச்சம்பழமும் உடைத்த தேங்காயும் கிடந்தன. முந்தின நாள் உளியோடு வந்த ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனதாக ஆடு மேய்ப்பவர்கள் சொன்னார்கள். சாமிக் கல்லில் உளி வைக்க மாட்டோம் என்று மேஸ்திரியே சொல்லிவிட்டாராம்.

கயிற்றோடு வந்த அக்கா கல்லைப் பார்த்தார். தானும் ஷூவைக் கழற்றினார். என் பக்கம் திரும்பி, "நீயா?" என்றார்.

"ஆமாங்கக்கா."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "இனிமே நான் இதுல கால் வெக்க முடியாது. தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். தெரிந்துதான் செய்தேன். உடைந்து ஏதோ வீட்டுக்குப் படியாகப் போவதைவிட, ஏற முடியாமல் நிற்பது மேல் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அப்படியே தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு வாரம் அவர் என்னோடு பேசவில்லை. பாலை அம்மாவிடமே வாங்கிக்கொண்டார். மூன்றாம் வாரம் வாசலில் நின்று, "வேற கல்லு ஏதாவது ஞாபகம் வருதா உனக்கு?" என்றார். அடி அண்ணாமலைக்கு அப்பால் இரண்டு சிறிய கற்களைக் கண்டுபிடித்தோம். ஏறினார். அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மறு வருடம் வேலூருக்கு மாற்றலானார்.

உங்களில் சிலர் குடும்பத்தோடு அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைத்திருக்கிறீர்கள். வேண்டியது நடந்ததாகவும் சொன்னீர்கள். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. என் அம்மாவும் வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றுகிறாள். அவளிடம் நான் சொன்னதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் இதையும் எழுத முடிகிறது. பொட்டு வைத்தது யார் என்று அக்கா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. அவர் இறந்தபின் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

அவருடையதாக என்னிடம் இருப்பது அவர் ஏறிய வழி. முதலில் இடது காலுக்கு முழங்கால் உயரத்தில் ஒரு விளிம்பு. பிறகு வலது கை பிளவுக்குள், கட்டை விரல் மேலாக. நான்காவது இடத்தில் கால் மாற்ற வேண்டும். ஏழாவது இடத்தில் பிடி கிடையாது. உள்ளங்கையைக் கல்லில் அழுத்தி, காலை நம்பி எழ வேண்டும். அவர் விழுந்தது அங்கேதான். அதைத் தாண்டினால் மேலே மூன்று எளிய பிடிகள். நான் ஒருமுறையும் ஏறியதில்லை. கீழே உட்கார்ந்து பார்த்தே மனப்பாடம் ஆகிவிட்டது. அம்மாவோடு போகும்போது எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள். நான் கையை மட்டும் கூப்பி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து உச்சிவரை ஒரு தடவை போய் வருகிறேன்.